முடக்குவாதப் பாதங்களும் அறுவைச் சிகிச்சையும்

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், நகரின் வட எல்லையை ஒட்டிக் கழக்கூட்டம் அமைந்துள்ளது. 1962-இல் சைனிக் பள்ளியும், 1990-இல் டெக்னோபார்க் எனும் மென்பொருள் தொழிற்பூங்காவும் இங்கு நிறுவப்பட்ட பின்னர் இவ்வூரின் பெயர் நாடெங்கும் பரவியது. ஆனால் ஊருக்கு அப்பால் சிறிது தொலைவிலுள்ள கடினங்குளம் காயலின் கரைகளில் வேறொரு தொழில் தலைமுறைகளாக நடந்துவந்திருக்கிறது. தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் நீரில் ஊறப்போட்டு, அடித்து நாராக்கி, அந்நாரைக் கயிறாகத் திரிக்கும் தொழில் அது. ராட்டின் சக்கரம் ஒரு முனையில் சுழல, நாரை இடுப்பில் கட்டிக்கொண்ட பெண் கயிற்றை விட்டுக்கொடுத்தவாறே பின்னோக்கி நடந்து செல்வாள். பின்னோக்கி நடக்கும்பொழுது குதிகாலுக்கு முன்பாகப் பாதத்தின் முற்பகுதியே தரையைத் தொடும். கணினியின் முன் அமர்ந்து பணிபுரிவோருக்கு விரல் நுனிகள் எத்துணை இன்றியமையாதவையோ, அத்துணை இன்றியமையாதவை இவளுக்குக் கால் விரல்களின் அடி மூட்டுகள்.

தமிழில் முடக்குவாதம் என்றும் மலையாளத்தில் ஆமவாதம் என்றும் வழங்கும் நோய் கைவிரல் மூட்டுகளையும் கால்விரல் மூட்டுகளையும் நாடித் தாக்குகிறது. முதுமையில் மூட்டுகள் தேய்வதால் உண்டாகும் வலியினின்றும் இது வேறுபட்டது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், மூட்டுகளின் உட்புறத்தை மூடியுள்ள மெல்லிய சவ்வையே பகையெனக் கொண்டு தாக்குவதால் விளைவது இந்நோய். சவ்வு வீங்கித் தடித்து, அருகிலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரித்து, மூட்டைப் பிணைத்து நிற்கும் நார்களைத் தளரச் செய்கிறது. ஆண்களைக் காட்டிலும் பெண்களிடம் இரண்டு மூன்று மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது. உழைக்கும் வயதிலேயே பலருக்குத் தொடங்கிவிடுகிறது. டெல்லியை அடுத்த பல்லப்கர் பகுதியின் கிராமங்களில் நடத்தப்பெற்று 1993-இல் வெளியான ஆய்வு, வயதுவந்தோரில் 0.75 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாகக் கண்டது. அவ்விகிதத்தை அளவுகோலாகக் கொண்டால், ஒரு லட்சம் வயதுவந்தோர் வாழும் பகுதியில் ஏறத்தாழ 750 நோயாளிகள் இருக்கக்கூடும். இவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு, நோயின் ஏதேனும் ஒரு கட்டத்தில் பாதத்தில் துன்பம் தோன்றியே தீரும்.

பார்வைக்குத் தப்பும் உறுப்பு

கைகளில் ஏற்படும் கோணலை நோயாளியும் காண்கிறார், மருத்துவரும் காண்கிறார். பாதமோ மேசைக்குக் கீழே, செருப்புக்குள் மறைந்து கிடக்கிறது. மருத்துவமனையின் நெரிசலில் காலணியைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கு எல்லா மருத்துவர்களுக்கும் நேரம் கிடைப்பதில்லை. இதனை நேரமின்மையின் குறை என்று மட்டும் தள்ளிவிட இயலாது. நோயின் கடுமையை அளப்பதற்கு உலகெங்கும் பயன்படும் முறையொன்றில் 28 மூட்டுகளே எண்ணப்படுகின்றன. இரு தோள், இரு முழங்கை, இரு மணிக்கட்டு, கைவிரல்களின் 20 மூட்டுகள், இரு முழங்கால் ஆகியவற்றோடு கணக்கு முடிந்துவிடுகிறது. கணுக்காலும் பாதமும் அதில் இடம்பெறவில்லை. கணக்கிடுவது எளிதாக இருக்கவேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது, பயனுள்ள ஏற்பாடும்கூட. எனினும், கைகளில் வீக்கம் வடிந்து ஏட்டளவில் நோய் அடங்கிவிட்டதாகக் குறிக்கப்பெற்ற ஒருவரின் பாதத்தில் அழற்சி தொடர்ந்து எரிந்துகொண்டிருக்கக்கூடும் என்பது குறிப்பிடத்தக்கது.

எக்ஸ்ரே படங்களும் இதனையே உணர்த்துகின்றன. இந்நோயில் எலும்பு அரிப்பின் முதல் தடயம் பல வேளைகளில் கையில் தோன்றுவதற்கு முன்பே பாதத்தில், குறிப்பாகச் சுண்டுவிரலின் அடி எலும்பின் தலைப்பகுதியில், தோன்றிவிடுகிறது.

கூழாங்கல் மீது நடப்பதுபோல

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றுள் விரல்களுக்குப் பின்னால் நீண்டு கிடக்கும் ஐந்து எலும்புகளை மெட்டாடார்சல் எலும்புகள் என்பர். இவ்வைந்தின் தலைகளே பாதத்தின் முற்பகுதியில் உடலின் பாரத்தைத் தாங்குபவை. பாடநூல்கள் கூறும் எளிய கணக்குப்படி, முற்பாதத்தின் மேல் இறங்கும் பாரத்தை ஆறு பங்காக்கினால் பெருவிரலுக்குரிய முதல் எலும்பு இரண்டு பங்கையும், ஏனைய நான்கும் ஆளுக்கொரு பங்கையும் ஏற்கின்றன. இத்தலைகளுக்குக் கீழே கொழுப்பும் நாரும் கலந்த தடித்த மெத்தையொன்று இயற்கையாக அமைந்துள்ளது. கரடுமுரடான வரப்பில் வெறுங்காலுடன் நடக்கும் உழவர், அடி எலும்பின் கடினத்தை உணராதிருப்பது இம்மெத்தையினாலேதான்.

முடக்குவாதம் குலைப்பது இந்த ஏற்பாட்டைத்தான். விரல்களின் அடி மூட்டுகளில் சவ்வு வீங்கி, அவற்றைப் பிணைத்த நார்கள் தளர்கின்றன. நடக்கும்பொழுது ஒவ்வோர் அடியிலும் விரல்கள் மேல்நோக்கித் தள்ளப்படுகின்றன. தளர்ந்த மூட்டு அதனைத் தடுக்க இயலாமல் நாளடைவில் நழுவி, விரலின் எலும்பு மெட்டாடார்சல் தலையின் மேல் ஏறி அமர்ந்துவிடுகிறது. விரல் நடுவில் மடங்கிப் பறவையின் நகம்போலாகிறது. விரலோடு பிணைந்துள்ள கொழுப்பு மெத்தையும் முன்னோக்கி இழுக்கப்பட்டுத் தன் இடத்தை விட்டு விலகிவிடுகிறது. ஆகவே, எலும்பின் தலைகள் வெறும் தோலுக்கு நேர் மேலே துருத்தி நிற்கின்றன. அங்கே தோல் தடித்துக் காய்ப்பு உண்டாகிறது. சிலருக்குப் புண்ணும் ஏற்படுகிறது. பெருவிரல் வெளிப்புறமாகச் சாய்ந்து, பாரம் தாங்கும் தன் கடமையினின்றும் விலகுகிறது. அதன் இரு பங்குச் சுமையும் ஏற்கெனவே நலிந்த மற்ற எலும்புகளின் மேல் விழுகிறது. கூழாங்கற்களின் மீது நடப்பதுபோல் இருக்கிறது என்று பல நாட்டு நோயாளிகளும் ஒரே உவமையைக் கூறுவதாக மருத்துவ நூல்கள் பதிவு செய்துள்ளன. உண்மையில் அவர்கள் நடப்பது தங்கள் எலும்புகளின் மீதே.

பின்பாதத்தின் கதை சற்று வேறு. அங்கு நோய் மெதுவாகவே செல்கிறது. பாதத்தின் வளைவைத் தாங்கி நிற்கும் தசைநாண் அழற்சியால் நைந்து, கணுக்காலுக்குக் கீழுள்ள மூட்டுகள் தளர, பாத வளைவு தட்டையாகிக் குதிகால் வெளிப்புறம் திரும்புகிறது. முதலில் கையால் நிமிர்த்தக்கூடியதாக இருக்கும் இக்கோணல் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகிவிடும்.

வெட்டி நீக்குதலும் இணைத்து நிறுத்துதலும்

அறுவையாளர் செய்யக்கூடியது என்ன? நோயைக் குணப்படுத்துவது அவர் வேலையன்று. அது மருந்தின் வேலை. பாரத்தை மீண்டும் சீராகப் பங்கிட்டுக் கொடுப்பதே அவருடைய வேலை. இந்நோக்கத்தை மனத்திற் கொண்டால், பார்வைக்குப் பலவாறாகத் தோன்றும் அறுவை முறைகள் யாவும் எளிதில் விளங்கிவிடும்.

1911-12-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஹாப்மன் என்பவர், மடங்கிய விரல்களைச் சீராக்க மெட்டாடார்சல் எலும்புகளின் தலைகளைப் பாதத்தின் அடிப்புறமாக வெட்டி நீக்கும் முறையை விவரித்தார். பாரம் தாங்கும் எலும்பின் தலையையே நீக்கிவிட்டு நடப்பது எங்ஙனம் என்று ஐயம் எழுவது இயல்பு. எலும்பு சற்றே குறுகும்பொழுது, இறுகி நின்ற தசைநாண்கள் தளர்கின்றன. மேலேறி நின்ற விரல் தன் நிலைக்கு இறங்குகிறது. அதனோடு கொழுப்பு மெத்தையும் பின்னோக்கி வந்து எலும்பு முனையின் கீழ் அமர்கிறது. இம்முறை, நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னர் முடக்குவாத நோயாளிகளுக்கென விரிவாக்கப்பட்டது. 1959-இல் பிரிட்டனின் பவுலரும், 1960-இல் அமெரிக்காவின் கிளேட்டனும், 1967-இல் கேட்ஸ், கெசல், கே ஆகிய மூவரும் தத்தம் மாற்றங்களை வெளியிட்டனர். வெட்டுவது மேற்புறமாகவா அடிப்புறமாகவா, விரல் எலும்பின் அடியையும் சேர்த்து நீக்குவதா என்பன போன்றவற்றில் இவர்கள் வேறுபட்டனர். அடிப்பாதத்தில் தோலை ஒரு நீள்வட்டத் துண்டாக நீக்கித் தைத்தால், அத்தையலே கொழுப்பு மெத்தையைப் பின்னிழுத்துப் பிடிக்கும் என்று கண்டது நல்லதோர் உத்தி.

இவ்வறுவையில் வெற்றியைத் தீர்மானிப்பது நீளத்தின் கணக்கே. வெட்டப்பட்ட எலும்பு முனைகள் இரண்டாம் எலும்பிலிருந்து சுண்டுவிரல் வரை படிப்படியாகக் குறைந்து, மெல்லிய வில்போல் அமைய வேண்டும். ஒன்று மட்டும் நீண்டு நின்றுவிட்டால் பாரம் முழுதும் அதன் மேல் குவிந்து, வலி மீண்டும் அவ்விடத்திலேயே தோன்றும். ஆகவே, ஒரே ஒரு விரலுக்குத்தான் வலி என்பதற்காக அந்த ஓர் எலும்பின் தலையை மட்டும் நீக்குவதைத் தேர்ந்த அறுவையாளர்கள் தவிர்ப்பர்.

பெருவிரலைப் பொறுத்தவரை கருத்து வேறுபாடு நெடுநாளாக உண்டு. அதன் அடி மூட்டை வெட்டித் தளர விடுவது ஒரு முறை. மூட்டின் இரு முகங்களையும் செதுக்கித் திருகாணி அல்லது தகட்டால் இணைத்து ஓர் எலும்பாகவே ஆக்கிவிடுவது மற்றொரு முறை. பின்னதே பல்லாண்டுகளாக விரும்பப்பட்டு வந்துள்ளது. உறுதியாக நிற்கும் பெருவிரல், இரு பங்குச் சுமையைத் திரும்ப ஏற்றுக்கொண்டு, அருகிலுள்ள நான்கு விரல்களும் மீண்டும் சாயாதபடி அணைபோல் நிற்கும் என்பதே அதன் ஆதரவாளர்களின் வாதம். ஆயினும், 2006-இல் சுவீடனிலிருந்து வெளியான, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சிறியதோர் ஆய்வு இவ்விரு முறைகளின் பலன்களிடையே பெரிய வேறுபாடு எதனையும் காணவில்லை. இணைப்பே எப்பொழுதும் சிறந்தது என்று விதி செய்துவிடாமல், நோயாளியின் வாழ்க்கை முறையைக் கேட்டறிந்து முடிவு செய்வதற்கு இது இடந்தருகிறது.

நம் நாட்டில் அந்தக் கேள்வி பிற நாடுகளைக் காட்டிலும் கனமானது. மேலைநாட்டுப் பாடநூல்கள் பெருவிரலை எந்தக் கோணத்தில் இணைப்பது என்று காலணியின் குதி உயரத்தை வைத்துப் பேசுகின்றன. இங்கோ பெரும்பாலோர் வீட்டினுள்ளும் கோயிலிலும் வெறுங்காலுடன் நடப்பவர்கள். குந்தி அமர்ந்து நார் அடிக்கும் பெண்ணும், தொழுகையில் கால்விரல்களை மடித்து அமரும் முதியவரும், தரையில் அமர்ந்து எழும் இல்லத்தரசியும் பெருவிரலின் அடி மூட்டை முழு அளவில் வளைக்கின்றனர். இணைக்கப்பட்ட மூட்டு அவ்வளவிற்கு வளையாது. வலியின்றி நடப்பது கிட்டும். குதிகாலை உயர்த்திக் குந்துவது கைவிட்டுப் போகும். இப்பேரத்தை அறுவைக்கு முன்பே நோயாளிக்கு அவருடைய மொழியில் எடுத்துரைக்காவிடில், எக்ஸ்ரே படத்தில் அழகாக அமைந்த அறுவையும் அவர் கண்ணில் தோல்வியாகவே படும்.

மூட்டைக் காக்கும் புதிய முறை

அண்மைப் பதிற்றாண்டுகளில் மெட்டாடார்சல் தலையை நீக்காமலே, எலும்பைச் சாய்வாக அறுத்துப் பின்னோக்கி நகர்த்தித் திருகாணியால் நிறுத்தும் முறை பரவலாகியுள்ளது. எலும்பு குறுகுவதால் கிட்டும் நன்மைகள் அனைத்தும் இதில் கிட்டும். மூட்டும் எஞ்சி நிற்கும். ஜப்பானிய அறுவையாளர்கள் இதில் மிகுந்த ஈடுபாடு காட்டியுள்ளனர். அழற்சி அடங்கி, மூட்டின் முகம் இன்னும் அரிக்கப்படாத நோயாளிகளுக்கே இது பொருந்தும். எலும்பின் தலை நொறுங்கிய பின் வருவோருக்குப் பழைய முறையைத் தவிர வேறு வழியில்லை. எனவே அறுவையின் வகையைத் தேர்ந்தெடுப்பது அறுவையாளர் மட்டுமல்லர்; நோயாளி எத்தனை ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தார் என்பதும் சேர்ந்தே அதனைத் தேர்ந்தெடுக்கிறது. செயற்கைச் சிலிக்கோன் மூட்டுகளும் ஒரு காலத்தில் பெரிதும் பேசப்பட்டன. அவை தேய்ந்தும் உடைந்தும் தொல்லை தந்ததால், பாதத்தைப் பொறுத்தவரை அவற்றின் மீதான ஆர்வம் குன்றிவிட்டது.

பின்பாதக் கோணலுக்கு, குதிகாலைச் சுற்றியுள்ள மூன்று மூட்டுகளை ஒருங்கே இணைத்து நிறுத்தும் அறுவையே நெடுங்கால வழக்கு. நோய் ஒரே மூட்டோடு நிற்குமாயின் அதனை மட்டும் இணைத்தல் போதும். கணுக்கால் மூட்டு அழிந்த நிலையில் அதனை இணைப்பதும், செயற்கை மூட்டுப் பொருத்துவதும் என இரு வழிகள் உள்ளன. இணைத்தால் குந்துதல் அரிதாகும் என்பது இங்கும் நினைவிற் கொள்ளத்தக்கது.

கத்திக்கு முன்னும் பின்னும்

முடக்குவாத நோயாளியை மேசையில் கிடத்துவதற்கு முன் கவனிக்க வேண்டியவை பல. அவற்றுள் தலையாயது பாதத்திற்கு வெகு தொலைவில், கழுத்தில் இருக்கிறது. நெடுநாள் நோயாளிகளுக்குக் கழுத்தின் முதலிரு எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தளர்ந்திருக்கக்கூடும். மயக்க மருந்து கொடுக்கையில் தலையைப் பின்னோக்கி வளைத்தால் தண்டுவடம் நசுங்கும் அபாயம் உண்டு. ஆகவே, கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரே படங்களை முன்கூட்டியே பார்ப்பது வழக்கம். பாதத்தில் இரத்த ஓட்டம் சீராக உள்ளதா, தோல் ஆறக்கூடிய நிலையில் உள்ளதா என்பனவும் ஆராயப்படும். பல்லாண்டுகள் ஸ்டீராய்டு உண்டவர்களின் தோல் காகிதம்போல் மெலிந்திருக்கும். அம்மருந்தைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து.

இடுப்பும் முழங்காலும் பாதமும் ஒருங்கே கெட்டிருப்பின், மேலுள்ள மூட்டுகளை முதலில் சீர் செய்து பின்னர் பாதத்திற்கு வருவது பொதுவான முறை. முழங்காலின் கோணல் நிமிர்ந்தால்தான் பாதம் தரையில் எவ்வாறு பதியும் என்பது தெரியவரும். ஆனால் அடிப்பாதத்தில் புண் இருக்குமாயின் இவ்வரிசை மாறும். அப்புண்ணிலிருந்து கிருமிகள் இரத்தத்தின் வழியே சென்று, புதிதாகப் பொருத்திய செயற்கை மூட்டைக் கெடுத்துவிடும் என்பதால், அங்கே பாதமே முதலிடம் பெறுகிறது.

அறுவைக்குப் பின்னர் விரல்களை நேராக நிறுத்தும் மெல்லிய கம்பிகள் சில வாரங்கள் விரல் நுனிகளில் நீட்டிக்கொண்டிருக்கும். குதிகாலில் மட்டும் பாரம் விழுமாறு அமைந்த காலணியுடன் நோயாளி நடக்கலாம். கைகளும் நோயுற்றிருப்பின் ஊன்றுகோலைப் பிடிப்பதே அவருக்கு இடர்ப்பாடாகும். மணிக்கட்டுக்குப் பதிலாக முன்கையில் பாரம் தாங்கும் ஊன்றுகோல் தேவைப்படும். வீக்கம் முழுதும் வடிய மாதங்கள் பல செல்லும்.

வேலூர் கற்பித்த பாடம்

பாதத்தில் பாரம் பங்கிடப்படும் முறையைத் தென்னிந்தியாவில் ஆழ்ந்து ஆராய்ந்தவர்கள் முடக்குவாத மருத்துவர்கள் அல்லர், தொழுநோய் மருத்துவர்கள். 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு, தொழுநோயால் முடங்கிய கைகளுக்குத் தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவைகளைத் தொடங்கி, பின்னர் பாதங்களின் பக்கம் திரும்பினார். வேலூரிலும், அருகே கரிகிரியில் 1955-இல் தொடங்கப்பெற்ற ஆய்வு மருத்துவமனையிலும் நடந்த பணி உலகப் புகழ் பெற்றது. தொங்கிய பாதத்தை நிமிர்த்தும் அறுவை அங்கு வழக்கமாயிற்று.

இரு நோய்களும் ஒரு வகையில் நேர் எதிரானவை. தொழுநோயாளியின் பாதத்தில் உணர்ச்சியில்லை. எலும்பு தோலைக் குத்திப் புண்ணாக்கினாலும் அவர் நடந்துகொண்டே இருப்பார். முடக்குவாத நோயாளிக்கு உணர்ச்சி முழுதும் உண்டு; வலி தாங்காமல் அவர் நடப்பதையே நிறுத்திவிடுவார். ஒருவர் நடந்து கெடுகிறார்; மற்றவர் நடவாது கெடுகிறார். ஆனால் இருவரையும் கெடுப்பது ஒரே காரணம்தான்: சிறிய பரப்பின் மேல் பெரிய பாரம். பாரம் விழும் பரப்பை விரிவாக்குவதற்கு அறுவை ஒன்றே வழியன்று, காலணியும் ஒரு வழி என்பதை வேலூர்க் குழுவினர் வற்புறுத்தினர். மேலே மென்மையும் கீழே உறுதியும் கொண்ட நுண்துளை ரப்பர்ச் செருப்பு அவ்வாறு உருவாகிப் பரவியதே. மிகவும் மென்மையான ரப்பர் ஒரே வாரத்தில் அமுங்கி எலும்பைத் தரையில் முட்டவிடும். கடினமானது பாரத்தைப் பங்கிடாது. இடைப்பட்ட பதத்தைக் கண்டறிந்ததில்தான் அதன் சிறப்பு அடங்கியிருந்தது.

முடக்குவாதப் பாதத்திற்கும் இச்செருப்பு பொருந்தும். முற்பாதத் தலைகளுக்குச் சற்றுப் பின்னால் சிறு மேடொன்று வைத்தால், பாரம் தலைகளை விட்டு எலும்பின் தண்டுப் பகுதிக்கு மாறும். விரல்கள் உராயாதபடி முன்புறம் அகலமும், கை நோயுற்றவர் எளிதில் கட்டி அவிழ்க்க ஒட்டுப் பட்டையும் வேண்டும். அறுவை தேவைப்படாத நோயாளிக்கு இதுவே சிகிச்சை. அறுவை செய்துகொண்டவருக்கு அதன் பலனைக் காக்கும் அரண். தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் உணர்ச்சியற்ற பாதமுடையோருக்கு நுண்துளை ரப்பர்ச் செருப்புகள் இலவசமாக வழங்கப்படுகின்றன. அளவெடுக்கும் கைவினைஞரும், தைக்கும் பட்டறையும், வழங்கும் முறையும் ஏற்கெனவே உள்ளன. அதே பட்டறை முடக்குவாத நோயாளிக்கும் அளவெடுப்பதற்குத் தடையாக இருப்பது தொழில்நுட்பம் அன்று. நோயின் பெயரால் வகுக்கப்பட்ட பட்டியலே. நாட்டின் இயற்கை ரப்பரில் பெரும்பகுதியை விளைவிக்கும் கேரளத்தில் ரப்பர்ச் செருப்புக்குப் பஞ்சம் என்பது பொருந்தாத செய்தி.

மருந்து மாற்றிய நிலைமை

பாத அறுவையின் வரலாற்றை மருந்தின் வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாது. அவ்வரலாற்றில் தென்னாட்டவர் ஒருவருக்கும் பங்குண்டு. பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லப்பிரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வுக்கூடத்தில் போலிக் அமிலத்தையும் அதனை எதிர்க்கும் பொருள்களையும் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். இரத்தப் புற்றுநோய்க்கெனப் பயன்பட்ட அப்பொருள்களுள் ஒன்று முடக்குவாதத்தின் அழற்சியையும் தணிக்கிறது என்று 1951-இல் ஓர் ஆய்வு கூறியது. அவ்வினத்தைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட், குறைந்த அளவில், வாரம் ஒரு முறை கொடுக்கப்பட்டால் பயன் தரும் என்பது 1980-களில் நிறுவப்பெற்று, 1988-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் முடக்குவாதத்திற்கெனக் கிடைத்தது. சுப்பாராவ் 1948-இலேயே மறைந்துவிட்டார்.

இன்று இந்நோய்க்கான முதன்மை மருந்து அதுவே, விலையும் குறைவு. வாரத்திற்கு ஒரு நாள் மட்டுமே உண்ண வேண்டிய அம்மாத்திரையை நாள்தோறும் உண்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரும் என்பதால், எந்தக் கிழமை என்று சீட்டில் எழுதிக் கொடுப்பது மருந்தாளரின் கடமை. அறுவைக்கு முன் இம்மருந்தை நிறுத்த வேண்டும் என்ற பழைய அச்சமும் பெருமளவு நீங்கிவிட்டது. தொடர்ந்து உண்டவர்களுக்குப் புண் சீழ்பிடிப்பது மிகுதியாகவில்லை என்று 2001-இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு காட்டியது. புதிய உயிரிவகை ஊசிகளைப் பொறுத்தமட்டில், ஒரு தவணையைத் தள்ளிவைத்து அறுவை செய்வதே வழக்கம்.

மருந்துகள் சிறந்ததன் விளைவாகப் பல நாடுகளில் முடக்குவாதத்திற்கான மூட்டறுவைகள் 1990-களின் இறுதியிலிருந்து குறைந்து வந்துள்ளன. ஆயின் ஜப்பானின் பதிவுகள் வியப்பானதொரு செய்தியைத் தருகின்றன. முழங்கால் மாற்று அறுவைகள் குறைந்த அதே காலத்தில் பாத அறுவைகள் அவ்வாறு குறையவில்லை, மாறாகக் கூடின. பெரிய மூட்டுகள் நலமடைந்து மேலும் நடக்கத் தொடங்கியவர்கள், முன்பு பொறுத்துக்கொண்ட பாத வலியைப் பொறுக்க மறுத்தனர் என்பது அதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

கிராமச் சுகாதார நிலையத்தில்

1951-இல் தொடங்கப்பெற்ற திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி, கழக்கூட்டத்திலிருந்து பேருந்தில் சென்றடையும் தொலைவிலேயே உள்ளது. தொலைவு இங்கே இடையூறன்று, காலதாமதமே இடையூறு. வலியை வயதின் குற்றமென எண்ணி எண்ணெய் தேய்த்துக் காத்திருக்கும் மாதங்களும், வலி மாத்திரையிலும் ஸ்டீராய்டிலும் கழியும் ஆண்டுகளும் சேர்ந்தே, மூட்டைக் காக்கும் அறுவைக்குரியவரை மூட்டை நீக்கும் அறுவைக்குரியவராக மாற்றுகின்றன. எண்ணெய்ப் பிழிச்சலை இகழ்வதற்கில்லை. ஆமவாதத்தைத் தனி நோயாக விவரித்த மாதவ நிதானம் பழமையான நூல். ஆனால் எச்சிகிச்சையை நாடுவோருக்கும் இரத்தச் சோதனையும் பாத எக்ஸ்ரேயும் முதல் சில மாதங்களுக்குள் செய்யப்பெற வேண்டும்.

இதற்குக் கருவி எதுவும் தேவையில்லாத சோதனை ஒன்றுண்டு. நோயாளியின் முற்பாதத்தை இருபுறமும் உள்ளங்கையால் பற்றி, ஐந்து எலும்புத் தலைகளும் நெருங்குமாறு மெல்ல அழுத்த வேண்டும். வலியால் அவர் காலை இழுத்துக்கொண்டால், காலையில் எழும்பொழுது விறைப்பு அரைமணி நேரத்திற்கு மேல் நீடிக்கிறதா என்று கேட்க வேண்டும். இரண்டிற்கும் விடை ஆம் எனில், மூட்டு மருத்துவரிடம் அனுப்புவதில் தாமதம் கூடாது. செவிலியரும் சுகாதாரப் பணியாளரும் ஒரே நாளில் பழகிக்கொள்ளக்கூடிய சோதனை இது.

காப்பீட்டுத் திட்டங்களில் அறுவைக்கான தொகையை வகுப்போர், அத்தொகைக்குள் காலணியையும் அதன் மறு வழங்கலையும் சேர்த்து எண்ணுவது பயன் தரும். நுண்துளை ரப்பர் நாள்பட அமுங்கித் தன் பதத்தை இழக்கும். விரலால் அழுத்தினால் எழும்பி வராத செருப்பை மாற்றியாக வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழையும் வழக்கமுள்ள வீடுகளில் ஓர் இணை போதாது. நோயாளி நாளின் பெரும்பகுதியை நின்று கழிப்பது சமையலறையின் கல் தரையில். தெருவுக்கு ஓர் இணையும், வீட்டினுள் மட்டும் அணியும் மற்றோர் இணையும் அவருக்கு வேண்டும்.